சின்னவளின் எடை

நான் கொசுவைக் கையால் அடிப்பதில்லை. மேலே வந்து உட்கார்ந்தால் ஊதிவிடுவதோடு சரி. இதை வைத்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னை ஓயாமல் கிண்டல் செய்வார்கள். பூச்சிமருந்து செய்கிற ஆள் கொசுவுக்கு விசிறிவிடுகிறார் என்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் முதலிலேயே எழுதிக்கொள்ள வசதியாக இருக்குமே என்று சொல்கிறேன்.

உங்கள் தட்டச்சு வேகத்துக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். குறிப்புச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது. புரியாத இடத்தில் கேட்டுவிடுங்கள். தப்பாக எழுதிவிட்டு அப்புறம் அடிப்பது எனக்குப் பிடிக்காது.

பதினோரு வருஷமாக நான் ஒரே ஒரு திரவத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கிற எண்ணெய். எந்தச் செடி என்று கேட்காதீர்கள், அது நிறுவனத்தின் ரகசியம். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், போட்டால் போட்டதுதான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது உங்களுக்கும் தெரியும். சோப்பு மாதிரி ஒரு பொருளைக் கொஞ்சம் சேர்த்து, காதுக்கு எட்டாத ஒலியால் விடாமல் அடித்து, எண்ணெயைக் கண்ணுக்கே தெரியாத துளிகளாக உடைத்தால் அது தண்ணீரில் கலந்து நிற்கும். முதலில் பால் மாதிரி இருக்கும், அடிக்க அடிக்கத் தெளியும். சரியான பதம் வந்ததும் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் லேசாக ஒரு நீலம் தெரியும். அந்த நீலத்தை முதல்முறை பார்த்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். இதற்குத்தான் நானோ எமல்ஷன் என்று பெயர்.

துளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. பெரிய துளி பூச்சியின் மேல் வழிந்து போய்விடும், சின்னத் துளி உள்ளே இறங்கிவிடும். அதனால் எண்ணெய் கொஞ்சமே போதும். ரசாயன மருந்தின் நெடி கிடையாது, சுவரில் கறை படியாது. பூச்சிக்கு ஆகாது, நம்மைப் போன்ற பாலூட்டிகளை ஒன்றும் செய்யாது. நாங்கள் நம்பியது இது. நான் இன்னும் பெருமளவுக்கு நம்புகிறேன்.

நம்பக் காரணம் உண்டு. எங்கள் அம்மா ஒரு தானியக் கிடங்கில் வேலை பார்த்தாள். மூட்டைகளுக்கு நடுவில் பூச்சிக்காக வைக்கிற மாத்திரையின் புகையைப் பத்து வருஷம் சுவாசித்து, இருமி இருமியே போய்விட்டாள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்னாலேயே இல்லை. தங்கைக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் கல்லூரிக்குப் போவேன். கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மை.

மருந்து கடைக்குப் போவதற்கு முன்னால் அது பாலூட்டிகளுக்குத் தீங்கு செய்யாது என்று காட்ட வேண்டும். காட்டுவது எலிகளை வைத்து. எங்கள் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது ஓர் அம்மாள். எல்லோருக்கும் அவர் எலியம்மா. அந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பார். நாற்பது எலிகள். இருபதைத் தினமும் ஒரு மணிநேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு எங்கள் மருந்தைப் பனி மாதிரி தூவ வேண்டும். மற்ற இருபதுக்கு எண்ணெய் இல்லாத அதே திரவம். இருபத்தெட்டு நாள். எது எந்த எலி என்று தெரிவதற்கு வாலில் மார்க்கர் பேனாவால் கோடு போடுவோம். ஐந்துக்கு ஒரு பட்டை, ஒன்றுக்கு ஒரு கோடு. ஒரு வாரத்தில் அழிந்துவிடும், திங்கள்கிழமை திங்கள்கிழமை புதுப்பிக்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ மருந்துகள் இந்த வால்கோட்டை நம்பித்தான் வெளியே வருகின்றன. வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஏழாம் எண் எலி குட்டி போட்டுவிட்டது. எலி வளர்த்து விற்கிற இடத்திலிருந்து சினை இல்லாத எலிகளைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. விதிப்படி அந்தத் தொகுப்பையே தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு நான்கு மாதம் பிடிக்கும். நான் உபரி எலிகளில் ஒன்றை எடுத்து, வாலில் ஒரு பட்டையும் இரண்டு கோடும் போட்டேன். கோடு காயும்வரை வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நான் ஆய்வில் செய்த தில்லுமுல்லு. பத்து விநாடி வேலை.

எலியம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

"சார், இது ஏழு இல்லயே."

"வாலைப் பாருங்கம்மா."

"வால் ஏழுதான் சார். எலிதான் ஏழு இல்ல. ஏழு என் கைய மோந்து பாத்துட்டுத்தான் தீனிக்கு வரும். இது மூலைக்கு ஓடுது."

"உங்களுக்கு வயசாகுது" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குமேல் ஒன்றும் கேட்கவுமில்லை.

பழைய ஏழையும் ஒன்பது குட்டிகளையும் தனிக் கூண்டில் வைத்தோம். கொன்றுவிட வேண்டும் என்பது விதி. எனக்கு மனசு வரவில்லை. அதோடு, இருக்கிற குட்டிகளை வீணாக்குவானேன் என்று தோன்றியது. பெரிய எலிகளைப் பெட்டியில் விட்டு எடுத்த பிறகு அந்தக் கூண்டையும் தினமும் ஒரு மணிநேரம் பெட்டிக்குள் வைத்தேன். எந்தப் பதிவேட்டிலும் இது கிடையாது. குட்டி போட்ட ஆறாம் நாள் காலையில் எலியம்மா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், குட்டிங்க பால் குடிக்கல."

போய்ப் பார்த்தேன். தாய் படுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. குட்டிகள் வாயை வைக்கின்றன, மூச்சு வாங்குகிறது, விட்டுவிடுகின்றன. பதினோராம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. தாய்க்கு ஒரு குறையுமில்லை, ரோமம் பளபளவென்று இருந்தது.

இங்கேதான் நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குட்டிகள் மருந்தால் செத்தன என்று சொல்ல முடியாது. முதல் பிரசவம், தினமும் கூண்டைத் தூக்கித் தூக்கி வைக்கிறோம், பயந்த தாய் ஒழுங்காகப் பார்க்காமல் விட்டிருக்கலாம். மருந்து படாத இன்னொரு ஈற்றுக் குட்டிகளும் பக்கத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒப்பிட ஒன்று இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது. நான் இருபத்தெட்டாம் நாள் அறிக்கையில் எழுதியது எல்லாமே உண்மை. நாற்பது எலிகளும் ஆரோக்கியமாக இருந்தன. பாலூட்டிகளுக்குத் தீங்கற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனசு மட்டும் சரியில்லை.

எங்கள் இயக்குநரைப் பெரியவர் என்போம். அவரிடம் போனேன். குட்டிகளை வைத்து இன்னொரு சோதனை செய்யலாம் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை, சொன்னால் வாலையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"சட்டத்துல கேக்கறாங்களா?" என்றார்.

"இல்ல சார். பெரிய எலி போதும்ங்கறாங்க."

"அப்புறம் நீ எதுக்குய்யா வேலியில போறத எடுத்து வேட்டியில விட்டுக்கறே?"

"குழந்தை இருக்கற வீட்ல வேண்டாம்னு பெட்டியில ஒரு வரியாவது போடலாம்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து பெட்டி மாதிரியை எடுத்து என் முன்னால் வைத்தார். பச்சை இலை ஒன்று, அதன் நிழலில் தூங்குகிற குழந்தை ஒன்று. படம் நன்றாக வந்திருந்தது.

"குழந்தை இருக்கற வீட்டுக்காரன்தான் இத வாங்கப் போறான். போ, போய் ரெண்டு நாள் ரெஸ்ட் எடு."

மருந்து கடைக்கு வர ஆறு வாரம் இருந்தது. எத்தனை வீடு, எத்தனை தொட்டில் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நான் நடிப்புக்காகச் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் அறிக்கை முடிந்த சந்தோஷத்தில் இருந்தார்கள். அத்தனை குழந்தைகளையும் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் நான்தான். ஆயிரம் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வீட்டில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நியாயமான முடிவாகவே பட்டது. இப்போதும் அதில் எங்கே பிசகு என்று தேடிப் பார்க்கிறேன்.

என் தங்கைக்கு அப்போது பிரசவமாகி ஐந்து வாரம். இரட்டைப் பெண் குழந்தைகள். ஏழு நிமிஷ வித்தியாசத்தில் ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். பெயர் வைக்கக் குழந்தைகளின் அப்பா வரட்டும் என்று காத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். தங்கை என் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு படுக்கையறை, நடுவில் ஒரு கூடம், ஜன்னலைத் திறந்தால் கொசு. ஒரே தாய், ஒரே பால், ஒரே வீடு, ஒரே வயது. ஒப்பிடுவதற்கு இதைவிட எது வேண்டும்? எலியில்கூட இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது.

ஒருத்தி அழுதால் மற்றவளும் விழித்துக்கொள்கிறாள் என்று தங்கை சலித்துக்கொண்டிருந்தாள். தொட்டில்களைப் பிரித்துப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். பெரியவள் அம்மா அறையில். சின்னவள் என் அறையில். இரண்டு அறையிலும் சுவரில் செருகுகிற சின்னக் கருவி, பனி மாதிரி தூவுவது. தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் நானே இரண்டையும் நிரப்புவேன். அம்மா அறைக் கருவிக்கு எண்ணெய் இல்லாத திரவம், என் அறைக்கு மருந்து. கொசு வராமல் இருக்கக் கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னேன். ராத்திரியில் நானும் அதே காற்றைத்தான் சுவாசித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தராசு கொண்டுவந்தேன். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் காட்டும். தினமும் சாயங்காலம் இரண்டு பேரையும் துணியில்லாமல் எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதுவேன். தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "பெத்தவ நான்கூட இப்படிப் பாக்கல. எங்க அண்ணன் தினம் நிறுத்து நிறுத்துப் பாக்குது" என்பாள். குழந்தைகளைத் தட்டில் வைக்கும்போது உலோகம் சில்லென்று இருக்கும். அதனால் நான் முதலில் என் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்குவேன். சின்னவள் தட்டில் வைத்ததும் என் விரலைப் பிடித்துக்கொள்வாள். விரலை விடுவித்த பிறகுதான் எண்ணைப் படிப்பேன். இல்லாவிட்டால் கணக்கு கெடும்.

முதல் நாள் பெரியவள் மூன்று கிலோ இருநூற்று எண்பது கிராம், சின்னவள் மூன்று கிலோ நூற்றிருபது. முதல் வாரம் இருவரும் நன்றாக ஏறினார்கள். சின்னவள் நூற்றெழுபது கிராம் கூடியிருந்தாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பதினோரு வருஷ உழைப்பு பலித்துவிட்டது என்று, அன்றைக்கு வீட்டுக்குப் பழம் வாங்கிப் போனேன். இரண்டாம் வாரம் பெரியவள் நூற்றுத் தொண்ணூறு கிராம் கூடினாள். சின்னவள் நாற்பது.

நாற்பது என்பது குறைவுதான். ஆனால் குறைவு என்று சொல்லிவிட முடியாது. குழந்தைகள் ஒரு வாரம் தேங்கும், மறுவாரம் ஏறும். பதினைந்தாம் நாள் காலையில் நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், தங்கை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, சின்னவ சரியா பால் குடிக்கல."

ஒளிக்க என்ன இருக்கிறது, எலிக்கூடத்தின் வாடையே மூக்கில் அடித்த மாதிரி இருந்தது.

"மூக்கடைப்பா இருக்கும்" என்றேன்.

"வாய வைக்கறா, மூச்சு வாங்குது, விட்டுடறா."

"டாக்டர்ட்ட காட்டிட்டு வா. நான் சாயங்காலம் வந்து பாக்கறேன்."

டாக்டரிடம் காட்டினாள். சளி என்று சொல்லிச் சொட்டுமருந்து கொடுத்தார். வீட்டில் கொசுமருந்து ஏதாவது வைக்கிறீர்களா என்று கேட்டாராம். "இல்ல டாக்டர், எங்க அண்ணன் செஞ்ச இலை மருந்துதான், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் சரி என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அறிக்கையை யார் படித்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்றைக்கே கருவியை அணைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அதைப் பற்றி நான் ஒரு முழுச் சாயங்காலம் யோசித்தேன். பதினைந்தாம் நாளில் நிறுத்தினால் என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்காது. சின்னவள் பட்ட கஷ்டமெல்லாம் வீணாகப் போயிருக்கும். பாதியில் விட்ட சோதனையைவிடக் கொடுமையான காரியம் எங்கள் தொழிலில் கிடையாது. அவள் மேல் எனக்குப் பிரியம் இருந்ததால்தான் நிறுத்தவில்லை. அளவை மட்டும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பத்தொன்பதாம் நாள் விடுமுறை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். தங்கை பெரியவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அசந்துவிட்டாள். நான் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மூச்சுச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. நான் புத்தகத்தை மூடினேன். கருவியை அணைத்தேன், ஜன்னலைத் திறந்தேன். தட்டைத் தேய்த்துச் சூடாக்கி அவளை எடைபோட்டேன். மூன்று கிலோ இருநூற்றுப் பத்து. தேதியும் நேரமும் போட்டு எழுதினேன். துணியைக் கட்டித் திரும்பப் படுக்க வைத்தேன். அதற்குப் பிறகுதான் தங்கையை எழுப்பினேன். நோட்டை எழுதி முடிக்காமல் எழுப்பியிருந்தால் அவள் அலறலில் எண் மறந்துபோயிருக்கும்.

அவள் அலறியதை நான் சொல்லப் போவதில்லை. எனக்கு அழுகை வந்தது. மூன்று நாள் நான் அவளுக்கு ஊட்டித்தான் விட்டேன், சின்ன வயதில் ஊட்டின மாதிரி.

காரியமெல்லாம் முடிந்ததும் பெரியவரைப் பார்த்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், வாலையும் சேர்த்து. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரே ஒரு குழந்தை. ஒண்ண வச்சு என்னய்யா சொல்ல முடியும்" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. எனக்கு அவர்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. நானே எத்தனையோ மாணவர்களுக்கு அப்படிச் சொல்லித் திருத்தியிருக்கிறேன். குறித்த தேதியில் மருந்து கடைக்கு வந்துவிட்டது. இந்தக் காவல் நிலையத்துக்கு வருகிற வழியில்கூட ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டிமேல் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. நான் சொல்கிற இதையெல்லாம் நீங்கள் எழுதி, மேலே அனுப்பி, அவர்கள் படித்து, ஒப்பிட ஆளில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அது எனக்குத் தெரியும்.

நேற்று தங்கை என் அறையில் விரிப்பு மாற்றப் போயிருக்கிறாள். மெத்தைக்கடியில் நோட்டு இருந்தது. நான் வேலையிலிருந்து வந்தபோது தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பத்தி, இரண்டு தலைப்பு. பெரியவள், வெறும் திரவம். சின்னவள், மருந்து. என் கையெழுத்து அவளுக்கு நன்றாகப் புரியும், நான்தான் அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவள ஏண்ணா எடுத்தே?"

நோட்டை வாங்கிக்கொண்டு காலையில் முதல் பேருந்தைப் பிடித்து இங்கே வந்தேன். அவளும் பின்னாலேயே வந்து, உங்கள் நடையில் பெஞ்சில் பெரியவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னை ஓர் ஆளாகவே அவள் பார்க்கவில்லை.

நீங்களும் அதையேதான் கேட்டீர்கள். சொல்கிறேன். நான் எடுக்கவில்லை. ஆராய்கிறவன் கையால் தேர்ந்தெடுத்தால் ஓரவஞ்சனை புகுந்துவிடும். எனக்கு இருவரும் ஒன்று. அதனால் இரண்டு துண்டுக் காகிதத்தில் இருவரையும் எழுதிச் சுருட்டி, குலுக்கிச் சமையல் மேடைமேல் போட்டேன். யார் மாமா அறைக்கு வருவது, நீயே ஒரு சீட்டை எடு என்று தங்கையிடம் சொன்னேன். "எம் பொண்ணுங்கள வச்சு லாட்டரியா நடத்தறே?" என்று சிரித்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். "சின்னவளுக்குத்தான் யோகம்" என்று அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

அது அவளுக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் அவளுக்குப் போகும் என்றீர்கள். சீட்டு எடுத்த அந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள். என் தங்கை மனசு நோகும்படி நான் இதுவரை ஒரு காரியமும் செய்ததில்லை.